வாயில் இருப்பதைக் கொடுப்பது

18 மீட்டர் ஆழத்தில் ஒருவர் என் வாயிலிருந்த ரெகுலேட்டரைப் பிடுங்கினார். என் துணையாக வந்தவர் அல்ல; அதே படகில் வந்த வேறொரு குழுவைச் சேர்ந்தவர். கையால் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்ட வேண்டும், நான் என் ஆக்டோபஸை, அதாவது உபரி ரெகுலேட்டரை, எடுத்து நீட்ட வேண்டும், அவர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் எங்கள் இருவருக்குமே சொல்லித்தந்திருந்தார்கள். அவர் கண்ணுக்குத் தெரிந்ததோ என் வாயிலிருந்து கிளம்பிய குமிழிகள் மட்டும். காற்று அங்கே இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டார். என் ஆக்டோபஸ் வாடகை ஜாக்கெட்டின் பையில் மடித்துச் செருகிக் கிடந்தது. துழாவி எடுத்து, அவசரத்தில் தலைகீழாக வாயில் வைத்து, ஒரு மடக்கு உப்புநீர் விழுங்கி, திருப்பி வைத்து மூச்சுவிட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. இருவரும் ஒழுங்காக மேலே வந்தோம். படகில் ஏறியதும் அவர் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அவர் செய்ததில் எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை. உயிருக்குத் தவிக்கும் உடம்பு செய்வதை அவர் செய்தார். அப்படியொரு உடம்பு எதிரே வரும் என்று நினைத்துப்பார்க்காமல் என் மேல் குழாய்களைச் சுற்றிவிட்ட வழக்கம்தான் என்னை உறுத்தியது.

சிலிண்டர் வால்வில் பொருந்துவது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றை, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டுமே கூடுதலாக இருக்கும்படி அது தணித்து அனுப்புகிறது. அங்கிருந்து நான்கு குழாய்கள் பிரியும். வலத்தோளுக்கு மேலாக வருவது, ஏறத்தாழ 75 சென்டிமீட்டர், நாம் மூச்சிழுக்கும் செகண்ட் ஸ்டேஜுக்கு. அதே வலப்பக்கம் வரும் இன்னொன்று, ஒரு மீட்டர் அளவில், பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், அவசரத்துக்கென வைத்திருக்கும் உபரி செகண்ட் ஸ்டேஜுக்கு. இதைத்தான் ஆக்டோபஸ் என்கிறோம். இடப்பக்கம் இரண்டு: ஒன்று ஜாக்கெட்டில் காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டருக்கு, மற்றது சிலிண்டரின் முழு அழுத்தத்தையும் தாங்கி பிரஷர் கேஜுக்குப் போவது. வாடகைக் கருவிகள் பெரும்பாலும் எங்கும் இப்படித்தான் கோக்கப்பட்டு வருகின்றன. பழகிப்போனதால் இதைக் கருவியின் இயல்பு என்றே நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒவ்வொரு வளைவும் ஏதோ ஒரு நெருக்கடியை மனத்தில் வைத்து ஒருவர் எடுத்த முடிவு. அது எந்த நெருக்கடி என்று கேட்டுப் பார்க்காமல் வழக்கத்தை எடைபோட முடியாது.

1943இல் கூஸ்தோவும் காஞ்யானும் உருவாக்கிய அக்வாலங்கில், முதுகில் இருந்த ஒரே கருவியிலிருந்து சுருக்கம் விழுந்த இரண்டு தடித்த குழாய்கள் வாயின் இருபுறமும் வந்து சேர்ந்தன. துணைக்குக் காற்று தீர்ந்தால் அந்த ஒரே மவுத்பீஸை மாற்றி மாற்றி வாயில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். 1952இல் மெல்போர்னில் டெட் எல்ட்ரெட் கொண்டுவந்த போர்பாய்ஸ் ரெகுலேட்டர், அழுத்தம் குறைக்கும் வேலையை இரண்டாகப் பிரித்து, இரண்டாவது பாதியை வாயருகே கொண்டுவந்தது. நடுவே ஒரே ஒரு மெல்லிய குழாய். இந்தப் பிரிவுதான் பின்னால் எல்லாவற்றுக்கும் வழிவிட்டது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் இன்னொரு துளை இருந்தால் போதும், இன்னொரு செகண்ட் ஸ்டேஜை மாட்டிவிடலாம். ‘எனக்கு இரண்டு மூச்சு, உனக்கு இரண்டு மூச்சு’ என்று ஒரே மவுத்பீஸைக் கைமாற்றிக்கொண்டே மேலேறும் பயிற்சி கொஞ்சம் கொஞ்சமாக வழக்கொழிந்தது. பதற்றத்தில் இருப்பவர் வாங்கியதைத் திருப்பித் தரமாட்டார் என்ற பழைய அபாயத்தை ஆக்டோபஸ் தீர்த்துவைத்தது. அது எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கும்போது, அதைக் குறை சொல்லுமுன் ஒரு கணம் தயங்கத்தான் வேண்டும்.

ஆக்டோபஸ் முறைக்கு இன்னொரு வலுவும் உண்டு. அது முன்பின் தெரியாதவர்களுக்கு இடையிலான பொதுமொழி. புதுச்சேரியிலோ திருகோணமலையிலோ காலையில் படகில் ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாரென்று தெரியாது. எங்கே, எந்த அமைப்பிடம் கற்றார் என்றும் தெரியாது. ஆனால் மஞ்சள் என்றால் அவசரக் காற்று, அது மோவாய்க்கும் விலா எலும்பின் இரு கீழ் முனைகளுக்கும் இடைப்பட்ட முக்கோணத்தில் இருக்கும் என்பது இருவருக்கும் தெரியும். கொடுப்பவர் தன் வாயில் இருப்பதைக் கழற்ற வேண்டியதில்லை. புதிதாகக் கற்றவருக்கு இது பெரிய ஆறுதல்; நீருக்கடியில் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டுவதுதான் பயிற்சிக் குளத்தில் பலரும் முதலில் பயப்படும் பாடம்.

குறை ஆரம்பிப்பது அந்த முக்கோணத்தில்தான். ஏட்டில் முக்கோணம் இருக்கிறது, படகில் இருப்பதில்லை. சில ஜாக்கெட்டுகளில் ஆக்டோபஸ் பைக்குள் போகிறது. சிலவற்றில் ஒரு பிளாஸ்டிக் கொக்கியில் மாட்டியிருக்கும். ஒன்று தானாகவே கழன்றுவிடும், அல்லது இரண்டு கையாலும் இழுத்தாலும் வராது. பெரும்பாலும் அது சும்மா தொங்கிக்கொண்டே வரும். மணலில் உரசி, பவளத்தில் இடித்து, மவுத்பீஸுக்குள் மணலும் சிப்பித்தூளும் சேர்த்துக்கொண்டு வரும். சில சமயம் அழுத்தப் பொத்தான் எங்கோ பட்டு, காற்று தானாகவே கொட்ட ஆரம்பிக்கும். தொங்குவது முதுகுக்குக் கீழே என்றால் அதை உடையவருக்கே தெரியாது. கருவியிலேயே மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் உறுப்பும் அதுதான். முதன்மை ரெகுலேட்டரில் ஒரு டைவில் நூற்றுக்கணக்கான முறை மூச்சிழுக்கிறோம். அதன் ஒவ்வொரு குறையும் உடனே தெரிந்துவிடும். ஆக்டோபஸில் படகில் ஒருமுறை ஊதிப்பார்ப்பதோடு சரி. மிகத் தேவைப்படும் நேரத்தில் மிகக் குறைவாகச் சோதித்த பொருளை மிகப் பதறிய மனிதரிடம் நீட்டுகிறோம். இந்த முறையின் ஆழமான பலவீனம் இதுவென்று எனக்குப் படுகிறது.

அடுத்தது வடிவச் சிக்கல். கையில் ஒரு ரெகுலேட்டரை வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இது சரியாகப் புரியும். வழக்கமான செகண்ட் ஸ்டேஜில் குழாய் அணிபவரின் வலப்பக்கத்திலிருந்து வந்து சேரும். நான் என் ஆக்டோபஸை எதிரே நிற்பவரிடம் நீட்டும்போது, என் வலப்பக்கம் அவருக்கு இடப்பக்கம். குழாய் அவருடைய இடப்பக்கத்திலிருந்து கிளம்பி, முகத்துக்கு முன்னால் சுற்றி, அவருடைய வலக்கன்னத்துக்குப் போய்ச்சேர வேண்டும். ஒரு மீட்டர் குழாயில் இந்த வளைவுக்கு இடம் போதாது. மவுத்பீஸ் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கும். அல்லது தலைகீழாகத்தான் வந்து பொருந்தும். தலைகீழானால் வெளியேற்றும் வால்வு மேலே போய்விடும், உள்ளே புகுந்த நீர் வெளியேறாமல் ஒவ்வொரு மூச்சோடும் தொண்டைக்கு வரும். இதற்காகவே சிலர் ஆக்டோபஸை இடக்கைக்குக் கீழாகக் கொண்டுவருகிறார்கள். எதிரே இருப்பவருக்கு அது நேராகப் போய்ச்சேர்கிறது. ஆனால் இன்ஃப்ளேட்டரும் கேஜும் ஏற்கெனவே நெருக்கும் பக்கத்தில் மூன்றாவது குழாய் சேர்கிறது, தனக்கே தேவைப்படும்போது முறுக்கிக்கொண்டு வருகிறது. ஸ்வீடனின் பொசைடன் ஜெட்ஸ்ட்ரீம்போல் பக்கவாட்டில் காற்று வெளியேறும் செகண்ட் ஸ்டேஜ்களுக்கு மேல்கீழ் என்ற பேதமே இல்லை; எந்தப் பக்கமாகவும் வாயில் வைக்கலாம். உபரி ரெகுலேட்டர் எல்லாமே அப்படி இருந்திருந்தால் இந்தச் சிக்கலில் பாதி கிளம்பியிருக்காது.

இது நுணுக்கக்காரர்களின் வாதம்போலத் தோன்றலாம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கைச் சேர்ந்த டெனோபிளும் உடன் ஆய்வாளர்களும் 1992 முதல் 2003 வரையிலான 947 ஸ்கூபா மரணங்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். விபத்தைத் தொடங்கிவைத்த முதல் காரணம் தெளிவாகத் தெரிந்தவை 346. அவற்றில் 41 விழுக்காடு காற்று போதாமை. 20 விழுக்காடு எங்காவது சிக்கிக்கொள்ளுதல். 15 விழுக்காடு கருவிக் கோளாறு. யாருடைய குழாய் எப்படி ஓடியது என்பதை இந்த எண்கள் சொல்லவில்லை. ஆகவே குழாயை மாற்றியிருந்தால் இத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் கணக்குப் போடக்கூடாது. ஆனால் முதல் இரண்டு காரணங்களும் குழாய் ஓடும் பாதையோடு நேரடியாகத் தொடர்புடையவை. காற்று தீர்ந்தவருக்கு எவ்வளவு விரைவில் கொடுக்க முடியும், உடம்பைவிட்டு விலகி நீட்டிக்கொண்டிருக்கும் வளையம் எதில் போய் மாட்டும் என்ற கேள்விகள் அவை.

வேறொரு விடை வட ஃப்ளோரிடாவின் நீரூற்றுக் குகைகளிலிருந்து வந்தது. 1960களிலும் 70களிலும் அங்கே டைவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்துகொண்டிருந்தார்கள். ஷெக் எக்ஸ்லி அந்த மரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, 1979இல் குகை டைவிங் அடிப்படைகள் பற்றிய சிறு நூலாக எழுதினார். வாசல்வரை அறுபடாத வழிகாட்டிக் கயிறு வேண்டும்; காற்றில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே போகவும் ஒரு பங்கைத் திரும்பவும் செலவிட்டு, ஒரு பங்கை நெருக்கடிக்கென ஒதுக்க வேண்டும் என்ற விதிகள் அந்த ஆய்விலிருந்து பரவின. 7 அடிக் குழாயையும் பெரும்பாலும் அவர் பெயரோடுதான் சேர்த்துச் சொல்கிறார்கள். ஒதுக்கிய மூன்றாம் பங்கும் நீண்ட குழாயும் ஒரே சிந்தனையின் இரு முனைகள். காற்று மிச்சம் இருந்தால் மட்டும் போதாது. ஒருவர் மட்டுமே நுழையும் இடுக்கில் ஒருவர் பின் ஒருவராக நீந்தி வெளியேறும்போது அந்தக் காற்று மற்றவரின் வாய்வரை எட்ட வேண்டும். 7 அடி, அதாவது 2.1 மீட்டர் என்ற அளவு அந்த இடுக்கு கேட்ட அளவு. பில் ஹோகார்த் மெய்ன் இதை இன்னும் எளிமையாக்கி, தேவையற்ற எதையும் உடம்பில் தொங்கவிடாத ஒரு முறையாக வளர்த்தார். அவருடைய நடுப்பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. வக்கல்லா நீரூற்றை ஆராய்ந்த குழுவினர் வழியாகவும், 1998இல் ஜரட் ஜப்லான்ஸ்கி தொடங்கிய ஜி.யூ.இ. அமைப்பின் வழியாகவும் அது உலகெங்கும் போய்ச்சேர்ந்தது.

இந்த முறையில் குழாய் ஓடும் வழியைச் சொல்லிவிடுகிறேன். நீண்ட குழாய் வலப்புற வால்விலிருந்து நேரே கீழிறங்கி, வல இடுப்பில் விளக்கின் பேட்டரிக்கோ இடுப்புப் பட்டைக்கோ அடியில் செருகப்பட்டு, மார்பின் குறுக்காக இடத்தோளுக்கு ஏறி, பிடரியைச் சுற்றி, வலப்பக்கமாக வாய்க்கு வருகிறது. டைவர் மூச்சிழுப்பது இதில்தான். உபரி செகண்ட் ஸ்டேஜ், 55 சென்டிமீட்டர் அளவில் குட்டையான குழாயோடு, கழுத்தில் ஓர் எலாஸ்டிக் கயிற்றில் தாலிபோல் மோவாய்க்கு நேர் கீழே தொங்குகிறது. யாருக்காவது காற்று தீர்ந்தால் வாயில் இருப்பதை எடுத்துத் தலையைச் சற்றுக் குனிந்து நீட்டிவிட வேண்டும். குழாய் பிடரியிலிருந்து தானாகக் கழன்று போகும். மோவாய்க்குக் கீழிருப்பதை மறுகையால் எடுத்து வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். பழகியவர்கள் கையே இல்லாமல் பல்லால் கவ்விக்கொள்வார்கள்.

நான் இந்த முறையின் பக்கம் சாய்ந்ததற்கு நீளம் காரணமில்லை. அது மனித இயல்போடு மல்லுக்கு நிற்பதில்லை. தவிப்பவர் வாயில் இருப்பதைத்தான் பிடுங்குவார் என்றால், வாயில் இருப்பதே கொடுக்க வேண்டியதாக இருக்கட்டும். அது வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி, ஒரு நொடிக்கு முன்புவரை நான் அதில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன் என்பதே. பல வாயுக்கலவைகளோடு ஆழத்தில் இறங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வாயில் இருப்பது அந்த ஆழத்துக்கு ஏற்ற வாயு என்பது நிச்சயம். அந்தக் கணத்தில் மூச்சில்லாமல் இருக்கப்போவது இருவரில் நிதானமாக இருப்பவர். அவருடைய அடுத்த மூச்சு மோவாய்க்குக் கீழே, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் கிடைக்கும் இடத்தில் இருக்கிறது. ஆக்டோபஸ் முறையில் இந்தச் சுமை தலைகீழாக விழுகிறது: தேட வேண்டிய வேலை தவிப்பவருக்கு.

குகைக்காரர்களின் மற்றச் சிறு முடிவுகளும் இதேபோல் காரணத்தோடு கோக்கப்பட்டவை. இரட்டைச் சிலிண்டர் அணிந்து முன்னோக்கி நீந்தும்போது குகைக் கூரையில் உரசினால் இடப்புற வால்வின் குமிழ் மூடும் திசையில் சுழலும், வலப்புறக் குமிழ் திறக்கும் திசையில். அதனால்தான் பிறருக்குக் கொடுக்கும் குழாயும் மிதவைக்குக் காற்று தரும் குழாயும் வலப்புற வால்வில் இருக்கின்றன. கேஜ் 60 சென்டிமீட்டர் அளவான குழாயில் இட இடுப்பு வளையத்தில் மாட்டப்படுகிறது. கொக்கியை உலோகத்தோடு உலோகமாகப் பூட்டாமல் நூல்கயிற்றால் கட்டுகிறார்கள், சிக்கிக்கொண்டால் கத்தியால் அறுத்துவிடலாம் என்பதற்காக.

இனி மறுபக்கம். நீண்ட குழாயைக் கடலுக்குக் கொண்டுவந்தவர்கள் பலர் அதன் பயிற்சியைக் குகையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். இந்த முறையின் உயிர் ஒரே நிபந்தனையில் இருக்கிறது: நீண்ட குழாய்க்கு மேல் எதுவும் வரக்கூடாது. கழுத்து ரெகுலேட்டர் முதலில், நீண்ட குழாய் கடைசியில். அதன்மேல் ஒரு கேமரா வார் விழுந்தால், முகக்கண்ணாடியின் இடப்பக்கம் ஸ்நார்க்கெல் செருகியிருந்தால், குழாய் பாதிவழியில் நின்றுவிடும். கொடுப்பவர் குழாயை நீட்டிவிட்டேன் என்று நினைப்பார்; வாங்குபவரின் வாயோடு அவர் கழுத்து கட்டுண்டிருக்கும். அதனால்தான் குகைக்காரர்கள் ஒவ்வொரு டைவுக்கு முன்பும் குழாயை முழுதாக அவிழ்த்து நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். இதைச் செய்யாதவரின் உடம்பில் 7 அடிக் குழாய், 1 மீட்டர் ஆக்டோபஸைவிட ஆபத்தானது. இதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்.

நீளமும் கடலில் ஒரு சுமை. திறந்த கடலில் வெளியேறும் வழி மேல்நோக்கி இருக்கிறது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு எதிரெதிரே முகம் பார்த்து ஏறுவார்கள். அங்கே 2.1 மீட்டர் தேவையில்லை. விளக்கின் பேட்டரி இல்லாத சாதாரண ஜாக்கெட்டில் மிச்சக் குழாயைச் செருகவும் இடமில்லை. அது இடுப்பருகே நழுவி, வளையமாக விரிந்து, எதைத் தவிர்க்க வந்ததோ அதுவாகவே மாறிவிடும். நம் கரையோரக் கடலில் இது வெறும் கற்பனை அல்ல. பாறைத்திட்டுகளில் அறுந்துகிடக்கும் நரம்பு வலை, இலங்கையில் தங்கூசி என்று சொல்வது, நீருக்குள் கண்ணுக்கே தெரியாது. முதுகுக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு வளையம் இருந்தாலும் அதில் வந்து மாட்டும். மாட்டிய இடத்துக்குத் தன் கை எட்டாது.

ஆனால் மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கிய ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலுக்கு இறங்குபவர்களின் கதை வேறு. அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே சிறிது நேரம் இருந்தாலே, ஏறும் வழியில் பல நிறுத்தங்களில் காத்திருந்து இரத்தத்தில் கரைந்த நைட்ரஜனை வெளியேற்றியாக வேண்டும். மேலே திறந்த நீர் இருந்தும் நேராக ஏறிவிட முடியாது. கண்ணுக்குத் தெரியாத கூரை ஒன்று இருக்கிறது. பங்கிட்ட காற்றோடு பத்து, இருபது நிமிடம் அடுத்தடுத்து மிதக்க வேண்டியிருக்கும்போது ஒரு மீட்டர் குழாயில் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு மிதவையைச் சமாளிப்பது மிகக் கடினம். ஃப்ளோரிடாக் குகையின் தருக்கம் அங்கே அப்படியே பொருந்துகிறது.

இடைவழிகளும் உண்டு. என் மனம் இப்போது நிற்பது அதில் ஒன்றில்தான்: முதன்மை ரெகுலேட்டருக்கு 1 முதல் 1.5 மீட்டர் குழாய், வல அக்குளுக்குக் கீழாகக் கொண்டுவந்து, குட்டையாக இருந்தால் மவுத்பீஸருகே திரும்பும் முழங்கை இணைப்போடு. உபரி ரெகுலேட்டர் கழுத்துக் கயிற்றில். கொடுப்பது வாயில் இருப்பதையே. தோளுக்கு மேல் வளையம் எழும்பாது, இடுப்பில் செருக மிச்சமும் இருக்காது. முழங்கை இணைப்பு என்பது கசிவதற்கு இன்னோர் இடம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்ஃப்ளேட்டரிலேயே செகண்ட் ஸ்டேஜைப் பொருத்திவிடும் கருவிகளும் இருக்கின்றன. ஒரு குழாய் குறைகிறது. ஆனால் அவற்றை வாங்குபவர்கள் முதன்மைக் குழாயைப் பழைய 75 சென்டிமீட்டரிலேயே விட்டுவிடுகிறார்கள். அதோடு, இன்ஃப்ளேட்டர் சிக்கிக் காற்று நிற்காமல் ஏறினால் முதலில் அதன் குழாயைக் கழற்ற வேண்டும். அதே குழாய்தான் மூச்சுக்கும் என்றால் அங்கே கை தயங்கும். பக்கவாட்டில் சிலிண்டர் மாட்டும் சைடுமவுண்ட் முறையில் இன்னொரு முரண்: இரண்டு சிலிண்டரிலிருந்தும் மாற்றி மாற்றி மூச்சிழுப்பதால், நெருக்கடி வரும் நேரத்தில் வாயில் இருப்பது குட்டைக் குழாயாகவும் இருக்கலாம். வாயில் இருப்பதைக் கொடு என்ற விதி அங்கே பாதி நேரம்தான் செல்லும்.

எந்தப் பாதையில் ஓடினாலும் குழாய் உள்ளே கெட்டிருந்தால் பயனில்லை. ஃபர்ஸ்ட் ஸ்டேஜோடு குழாய் சேரும் இடத்தில் மாட்டும் ரப்பர் உறை, மடிவதைத் தடுக்கத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கடியில் உப்பும் துருவும் சேர்வதை அதுவே மறைக்கிறது. மாதம் ஒருமுறையாவது அதைப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். நெய்த உறை போட்ட மெல்லிய குழாய்கள் வளைந்து கொடுப்பதால் எல்லோருக்கும் பிடித்துப்போயின. அவற்றில் சில வகைகளில், வெப்பக் கடல்களில் உட்குழாயின் பொருளே சிதைந்து, படிகமாகப் படர்ந்து காற்றை அடைத்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. வெளியே பார்த்தால் புதிதுபோலவே இருக்கும். குழாய் வெடிப்பது பற்றியும் ஒன்று: கேஜுக்குப் போகும் உயர் அழுத்தக் குழாய் வெடித்தால் சத்தம் பயமுறுத்தும், ஆனால் அதன் வாயில் ஊசித்துளை அளவே வழி இருப்பதால் காற்று மெதுவாகத்தான் போகும். தாழ் அழுத்தக் குழாய் பிய்ந்தால் சிலிண்டர் மிக விரைவாகக் காலியாகும். அஞ்ச வேண்டியதற்கு நாம் அஞ்சுவதில்லை.

குழாய்ப் பாதையைப் பற்றி மணிக்கணக்காக விவாதிக்கும் நண்பர்களிடம் நான் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவேன். 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 50 பார் மிச்சம் என்றால் ஏறத்தாழ 550 லிட்டர் காற்று. 30 மீட்டரில் அழுத்தம் 4 மடங்கு. இரண்டு பேர், நிதானமாக நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் மூச்சுவிட்டாலே அங்கே நிமிடத்துக்கு 160 லிட்டர் போகும். ரெகுலேட்டரைக் கைமாற்றி நிலைகொள்ள ஒரு நிமிடம்: 160. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர்வரை ஏற: 300க்குச் சற்று மேல். 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம்: 180. கூட்டினால் 640க்கு மேல் வருகிறது, 550 போதாது. இது இருவரும் பதறாமல் இருந்தால். பதறிய உடம்பு இரண்டு மடங்கு இழுக்கும். அப்போது 115 பாருக்கு மேல் வேண்டும். ‘50 பாரில் மேலே வந்துவிடுங்கள்’ என்று 30 மீட்டர் டைவுக்கும் 12 மீட்டர் டைவுக்கும் ஒரே அறிவுரை சொல்லும் படகில், யாருடைய குழாய் எந்தத் தோளில் ஓடினால் என்ன? குகைக்காரர்கள் குழாயின் நீளத்தையும் மூன்றாம் பங்கையும் ஒன்றாக வைத்திருந்ததை நாம் பிரித்துவிட்டோம். கடையில் வாங்கக்கூடியதை மட்டும் வைத்துக்கொண்டோம்.

வாடகைக்குக் கருவி கொடுப்பவர்கள்மீது எல்லாப் பழியையும் போடவும் எனக்கு மனமில்லை. ஒரு நாளில் முதல்முறை கடலுக்குள் வரும் பத்துப் பேருக்குக் கருவி கோப்பவர்களுக்கு எல்லோருக்கும் பொதுவான ஓர் அமைப்பு தேவை, அது ஆக்டோபஸ்தான். முழு உலகமும் நாளைக்கே கழுத்துக் கயிற்றுக்கு மாற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த மஞ்சள் ரெகுலேட்டர் பைக்குள் போகக்கூடாது. ஒரே இழுப்பில் கழன்றுவரும் பிடியில், மார்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு டைவிலும் இரண்டு நிமிடமாவது அதில் மூச்சுவிட்டுப் பார்க்க வேண்டும். யாராவது உங்கள் வாயிலிருப்பதைப் பிடுங்கினாலும் அது தவறல்ல, உங்கள் கை உடனே மஞ்சளுக்குப் போக வேண்டும் என்று முதல் நாளே சொல்லித்தர வேண்டும். இதற்குப் புதுக் குழாய் வேண்டாம், கூடுதல் செலவும் இல்லை. அன்று 18 மீட்டரில் எனக்கு இந்தக் கடைசி ஒன்றை மட்டும் யாராவது சொல்லியிருந்தால் அந்த உப்புநீரை விழுங்கியிருக்க மாட்டேன்.

கலப்புக் குழுக்கள்தான் எனக்கு இன்னும் கவலை தருகின்றன. ஒருவர் வாயில் இருப்பதைக் கொடுக்கப் பழகியவர், மற்றவர் மஞ்சளைத் தேடப் பழகியவர். என் கழுத்து ரெகுலேட்டரை யாராவது பிடித்து இழுத்தால் அது 55 சென்டிமீட்டர்தான் நீளும். என் தலையும் கூடவே போகும். ஆகவே முன்பின் தெரியாதவரோடு இறங்கும் நாளில், குதிப்பதற்கு முன் படகின் விளிம்பில் உட்கார்ந்து என் வாயில் இருப்பதைச் சுட்டிக்காட்டுகிறேன். “காற்று இல்லைன்னா இதை எடுத்துக்குங்க. கேட்க வேண்டாம்.” சிலர் சிரிப்பார்கள், சிலர் தலையாட்டுவார்கள். நான் விடுவதில்லை, ஒருமுறை பிடித்து இழுக்கச் சொல்வேன். போன முறை அப்படி இழுத்தபோது குழாய் ஒரு சாண் வந்ததும் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால், கடைசி நிமிடத்தில் யாரோ கொடுத்த கேமராவின் வாரை நான் கழுத்தில் போட்டிருந்தேன், குழாய்க்கு மேலே.